பக்கத்து ஷெட்டுக்குப் போகும் டர்னர்

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். 58 வயது முடிந்த டர்னரிடம் (லேத்தில் இரும்பு கடைபவர்), 'செட்டில்மென்ட் வாங்கிக்கொண்டு பாதிச் சம்பளத்தில் காண்ட்ராக்டாக இருங்கள்' என்றேன். முறைத்துக்கொண்டு, வேலையை விட்டே நின்றுவிடுகிறேன் என்கிறார். இளசுகளோ டெலிவரி வேலைக்கு ஓடுகிறார்கள். வயதானவர்களைத் தக்கவைப்பது எப்படி?
- பெயர் வேண்டாம், சென்னை-58

பதில்: பாதிச் சம்பளம் என்று சொல்லி விரட்டிவிட்டு, தக்கவைக்க வழி கேட்கிறீர்கள்! பிறந்தநாளுக்கு முந்தின நாள் அவர் பிடித்த மைக்ரான் துல்லியம், மறுநாள் பிடிக்காமல் போய்விட்டதா?

அவர் ஓய்வெடுக்கப் போகிறார் என்றா நினைக்கிறீர்கள்? 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பில் பி.எஃப். பிடித்தவருக்கு, முழு சர்வீஸ் போட்டிருந்தாலும் மாத பென்ஷன் 7,500-ஐத் தாண்டாது. சென்னையில் அது வாடகைக்கே காணாது. அவர் பக்கத்து ஷெட்டுக்குப் போகிறார் ஐயா.

உங்களைப் போன்ற சின்னப் பட்டறைக்காரர் 58-ல் ஆளை அனுப்பியே தீர வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. அது பென்ஷன் திட்டத்தின் வயது, அவ்வளவுதான். தமிழக அரசே தன் ஊழியர்களுக்கு 2020-ல் 59, 2021-ல் 60 என்று ஏற்றிவிட்டது. (ஓய்வுக்காலப் பணத்தைத் தள்ளிப்போடத்தான் என்று அப்போது பேசிக்கொண்டார்கள்; அது வேறு கதை.) வேலையில் தொடர்ந்தால், நீங்கள் கட்டும் பி.எஃப். பங்கிலிருந்து பென்ஷன் நிதிக்குப் போய்க்கொண்டிருந்த 8.33 சதவீதமும் அவருடைய பி.எஃப். கணக்கிலேயே சேரும். உங்களுக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. இதை அவரிடம் யாராவது சொன்னீர்களா?

அளவு பார்க்கும் வெர்னியரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்கிறாரா, கவனியுங்கள். ஒரு டிஜிட்டல் வெர்னியர் வாங்கிக் கொடுங்கள். லேத்துக்கு மேல் நல்ல விளக்கு. லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் கனமான சக்கைக் கழற்றி மாட்ட, தூக்கிக் கொடுக்கும் ஒரு செயின் பிளாக். நைட் ஷிப்ட் வேண்டவே வேண்டாம். கூடவே ஓர் ஐ.டி.ஐ. பையனை நிறுத்துங்கள். இரும்புச் சீவல் சூடேறி நீலம் பாய்வதைப் பார்த்த உடனே ஸ்பீடைக் குறைக்கிற கைப்பக்குவம், பக்கத்தில் நின்றால்தான் வரும். பையனுக்குக் கற்றுக்கொடுக்கிறார் என்பதற்காகச் சம்பளத்தில் கொஞ்சம் கூட்டினாலும் தப்பில்லை.

இளசுகள் திரும்பி வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். தமிழ்நாட்டில் 60 தாண்டியவர்கள் 2011-ல் நூற்றுக்குப் 10 பேர். 2031-ல் 18 பேர் என்பது கணிப்பு.

முதலில் அந்தப் பாதிச் சம்பளப் பேச்சை வாபஸ் வாங்குங்கள். ரூமுக்குக் கூப்பிட்டனுப்பாமல், லேத் பக்கம் நீங்களே போங்கள். சீக்கிரம் போங்கள், இந்த இதழைப் பக்கத்து ஷெட்காரரும் படிக்கக்கூடும்.