சில்லறைக் கேள்விகள்

முப்பது வருடம் வங்கிக் கவுன்டரில் காசு எண்ணியவன், வீட்டில் ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய காசும் வைத்திருக்கிறேன். அதனால் காசு என்றால் எல்லாரும் என்னிடம்தான் வருகிறார்கள்.

களியக்காவிளை பெட்டிக்கடைக்காரர்: அண்ணாச்சி, கேரளத்துப் பாறசாலையிலிருந்து வருகிறவர்கள் பத்து ரூபாய்க் காசாகவே நீட்டுகிறார்கள். அதை மீதியாகக் கொடுத்தால் நம்ம ஆட்கள் செல்லாது என்கிறார்கள். எது சரி?

செல்லும். காசின் மேல் இருக்கும் கோடு பத்தா பதினைந்தா என்று எண்ணிப் பார்க்கவே வேண்டாம். 14 வகை வடிவங்களில் வந்திருக்கிறது, எல்லாம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018லேயே சொல்லியாயிற்று. கேரளத்துக்குத் தனியாகவா காசு அடிக்கிறார்கள்? ஆனால் ஒன்று: ஒரே கொடுக்கல் வாங்கலில் 1000 ரூபாய்க்கு மேல் காசாகவே தந்தால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஐம்பது பைசாவுக்கு அந்த வரம்பு 10 ரூபாய்தான்.

குழித்துறை கல்லூரி மாணவர்: வீட்டில் ஒரு வெள்ளிக் காசு கிடைத்தது. 1114 என்று போட்டிருக்கிறது. தொள்ளாயிரம் வருடப் பழசா சார்?

இந்தக் கேள்வி மாதம் ஒருமுறையாவது வந்துவிடும். அது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு, தம்பி. 824 கூட்டுங்கள், 1938 வரும். திருவிதாங்கூர் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்து அரை ரூபாயாக இருக்கும், வலம்புரிச் சங்கு இருக்கிறதா என்று பாருங்கள். 1956 வரை நம்ம குமரிப் பக்கமும் செங்கோட்டையும் திருவிதாங்கூர்ப் பக்கம்தானே இருந்தன. தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே படிந்த கருப்பைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். பளபளப்பாக்கினால் விலை இறங்கும்.

மார்த்தாண்டம் அக்கா ஒருவர்: வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருவதாக ஒருத்தர் போன் செய்கிறார். முன்பணமாகக் கொஞ்சம் கட்டச் சொல்கிறார்.

கட்டாதீர்கள். 2012இல் வந்த காசு அது, அப்படியொன்றும் அபூர்வமில்லை. வாங்குகிறவன் எதற்கு அக்கா விற்கிறவரிடம் பணம் கேட்கிறான்?

பாலக்காட்டில் வேலை பார்க்கும் நாகர்கோவில்காரர்: தாளைப் போட்டால் சில்லறை கொட்டும் பெட்டிகளை இப்போது அதிகம் காணோமே? காசு போடும் இயந்திரத்துக்கு ஒரு ரூபாயா ஐந்து ரூபாயா என்று எப்படித் தெரிகிறது?

தாள் போடும் பெட்டிக்குக் கள்ளநோட்டுதான் தலைவலி. அதனால் ரிசர்வ் வங்கி 2023இல் 12 ஊர்களில் வேறு மாதிரி ஒன்றைச் சோதனைக்கு அறிவித்தது. கியூஆர் குறியை யுபிஐயில் ஸ்கேன் செய்தால் கணக்கிலிருந்து பணம் கழியும், காசு கீழே விழும். உங்களுக்குப் பக்கத்தில் கோழிக்கோடு அந்தப் பட்டியலில் இருந்தது.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. பழைய ஐந்து ரூபாய் 9 கிராம், தடிமன். பிறகு வந்தது 6 கிராம். அகலம் இரண்டுக்கும் 23 மில்லிமீட்டர்தான். ஆக, அகலத்தை மட்டும் அளந்தால் இயந்திரம் ஏமாறும். அதனால் காசு உருளும் வழியில் கம்பிச் சுருள் வைத்து மின்காந்தப் புலம் உண்டாக்குவார்கள். எந்த உலோகம், எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்து அந்தப் புலம் மாறும். மாறின அளவு உள்ளே பதிந்துள்ள அளவோடு ஒத்துப்போனால் பெட்டி ஏற்கும், இல்லாவிட்டால் கீழே துப்பிவிடும். காசுக்குப் பதில் வாஷரைப் போட்டு போன் பேசப் பார்த்தவர்கள் நம் தலைமுறையில் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

அதே நாகர்கோவில்காரர்: காசு எண்ணும் இயந்திரம் எப்போது வந்தது?

நம்ம ஊரில் மின்சாரத்துக்கு முன்னாலேயே ஒன்று இருந்தது: சக்கரப் பலகை. சக்கரம் என்பது திருவிதாங்கூரின் பழைய வெள்ளிக் காசு. மீன் செதில் மாதிரி, அரை கிராம்கூட இருக்காது. இருபத்தெட்டு சக்கரம் சேர்ந்தால்தான் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். சக்கரத்தைக் கையால் எண்ணினால் விரலிடுக்கில் நழுவும். அதனால் சக்கரம் அளவுக்கே வரிசையாகக் குழி வெட்டிய மரப்பலகை வைத்திருந்தார்கள். ஒரு பிடி அள்ளிப் போட்டு லேசாக ஆட்டி, மிச்சத்தைக் கையால் வழித்துவிட்டால் குழிக்கு ஒன்று நிற்கும். எத்தனை குழியோ அத்தனை சக்கரம். எங்கள் ஆச்சி கடைசி வரை பணத்தைச் சக்கரம் என்றுதான் சொல்வாள். பென்ஷன் வந்த அன்று ‘சக்கரம் வந்தாச்சா மக்களே’ என்று கேட்பாள்.