முடியைப் பிடுங்கினால் வேரோடு போய்விடாதா, மறுபடி எப்படி முளைக்கிறது?

போகாது. நுனியில் வெள்ளையாக ஒட்டி வருகிறதே, அதை வேர் என்று நினைக்கிறோம். புதிய முடிக்கான விதை, அதாவது ஸ்டெம் செல்கள், கொஞ்சம் மேலே, முடிக்குழியின் பக்கச்சுவரில் ஒரு புடைப்புக்குள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும்.

நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் எலைன் ஃபுக்ஸ் குழு 2004இல் இவற்றைத் தனியே பிரித்தெடுத்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: எலித்தோல் செல்களின் உட்கருவைப் பச்சையாக ஒளிரும் புரதத்தால் நிரப்பி, அப்புறம் டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தைக் கொடுத்து அந்தப் புரதம் புதிதாக உருவாவதை நிறுத்திவிட்டார்கள். செல் பிரியப் பிரிய, மோரில் தண்ணீர் விட்டாற்போல், ஒளி பாதி பாதியாக நீர்த்துப்போகும். சில வாரம் கழித்துப் பார்த்தால், அரிதாகவே பிரியும் அந்தப் புடைப்புச் செல்கள் மட்டும் பளிச்சென்று!

அதே ஆண்டில், அங்கிருந்து எடுத்த ஒற்றைச் செல்லைப் பெருக்கி முடியில்லாத எலியின் முதுகில் ஒட்டினார்கள். தோலும் வந்தது, முடியும் வந்தது. (வழுக்கைக்கு மருந்தா என்று கேட்காதீர்கள், எலிக்குத்தான்.)