ஓவன் கோளாறு: கேட்டதும் சொன்னதும்

மின்சார ஓவன் பழுதுபார்ப்பது பல வருடமாக என் பிழைப்பு. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. என் பதிலைப் படித்துவிட்டு ஓவனில் கை வைப்பதற்கு முன் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. சுவரோடு பதித்த ஓவன் என்றால் மெயின் போர்டில் அதற்குரிய எம்சிபியை, அதாவது தானாக விழும் பாதுகாப்பு சுவிட்சை, இறக்குங்கள்.

மேலே சூடாகிறது, கீழே சூடே இல்லை. போனது சூடாக்கும் எலிமென்ட்டா, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டா?

மேலே ஒழுங்காகச் சூடானால் தெர்மோஸ்டாட் மேல் பழி போட வேண்டாம். வீட்டு ஓவன்களில் பெரும்பாலும் இரண்டு எலிமென்ட்டுக்கும் ஒரே தெர்மோஸ்டாட்தான். மிச்சம் மூன்று: கீழ் எலிமென்ட், அதற்குப் போகும் கம்பி, மேலா கீழா என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் சுவிட்ச்.

முதலில் கண்ணால் பாருங்கள். எலிமென்ட்டில் கொப்புளம், வெடிப்பு, வெளுத்த புள்ளி ஏதாவது இருந்தால் மீட்டரே வேண்டாம். ஒன்றும் தெரியவில்லையா? எலிமென்ட்டின் ஒரு முனையிலிருந்து கம்பியைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓமில் வைத்து அளவெடுங்கள். எவ்வளவு காட்ட வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுக்க வேண்டும். 230 வோல்ட், 1000 வாட் என்றால் சுமார் 53 ஓம். 2000 வாட் என்றால் 26 சொச்சம். மீட்டர் அசையவே இல்லையென்றால் உள்ளே சூடாகும் நிக்ரோம் கம்பி அறுந்துவிட்டது.

அளவு சரியாக இருந்தால் முனையில் இருக்கும் லக்கை, அதாவது கம்பியின் நுனியில் அழுத்திய உலோகத் துண்டைப் பாருங்கள். அது கறுத்துத் தளர்ந்திருப்பது அடிக்கடி பார்க்கிற விஷயம். அங்கே தயவுசெய்து ஈயப்பற்று வைக்காதீர்கள். சாதாரண ஈயப்பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். வீட்டு வயரிங்குக்குப் போடும் பிவிசி கம்பி 70 டிகிரிக்கானது, அதுவும் ஆகாது. கண்ணாடி நார் உறை போட்ட கம்பியும் இறுக்கி அழுத்திய லக்கும்தான் தாங்கும். "போன மாதம்தான் சரி செய்தோம்" என்று திரும்பி வரும் ஓவன்களில் பாதி, ஈயம் ஒழுகியவைதான்.

மின்சாரம் போய் வந்ததிலிருந்து ஓவன் சூடாகவில்லை. விளக்கு எரிகிறது, மணி மட்டும் மின்னிக்கொண்டே இருக்கிறது.

மணியைச் சரியாக வையுங்கள். பல மாடல்கள் அதுவரை சூடாகாது.

180 வைத்தால் தெர்மோமீட்டர் ஒரு நேரம் 165 காட்டுகிறது, ஒரு நேரம் 195. தெர்மோஸ்டாட் மாற்ற வேண்டுமா சார்?

வேண்டாம். தெர்மோஸ்டாட்டின் வேலையே அப்படித்தான். வைத்த அளவைத் தாண்டியதும் துண்டிக்கும், கீழே இறங்கியதும் மறுபடி சேர்க்கும். அரை மணி நேரம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் குறித்து சராசரி எடுங்கள். அது 180ஐ ஒட்டி வந்தால் உங்கள் ஓவனுக்கு நோயே இல்லை. சராசரியே 25, 30 டிகிரி தள்ளி நின்றால், உள்ளே சுவரை ஒட்டி ஒரு மெல்லிய செம்புக் குழாயின் நுனியில் பென்சில் மாதிரி உருளை இருக்கும், அது கிளிப்பிலிருந்து நழுவிச் சுவரில் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குழாயை மடக்கிவிடாதீர்கள். மடிந்தால் தெர்மோஸ்டாட்டையே மாற்ற வேண்டியதுதான்.

மைக்ரோவேவ் சூடாகவில்லை, எந்த ஃபியூஸைப் பார்ப்பது?

அது என் துறை இல்லை. மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். அதற்கென்று இருப்பவரிடம் கொடுங்கள்.

ஆறு மாதம் சும்மா கிடந்த ஓவன். போட்ட ஐந்தாவது நிமிடம் மெயின் விழுந்துவிடுகிறது.

விழுவது எம்சிபியா, ஆர்சிசிபியா? டெஸ்ட் பட்டன் இருப்பது ஆர்சிசிபி. அதுதான் விழுகிறது என்றால் மின்சாரம் எங்கோ ஓவனின் உலோக உடலுக்குக் கசிகிறது.

சும்மா கிடந்த ஓவனில் இது சகஜம். எலிமென்ட் குழாய்க்குள் நிக்ரோம் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு பொடியை அடைத்திருப்பார்கள். வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது, அருமையான பொருள். ஒரே குறை, காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறினால் கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே கசிவு. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அதைக் கண்டதும் துண்டிக்கிறது. அதன் கடமையைத்தான் செய்கிறது.

சாதாரண மல்டிமீட்டரில் இந்தக் கசிவு பல நேரம் தெரியாது, அதன் பேட்டரி சில வோல்ட்தான். அதிக வோல்ட்டில் கசிவை அளக்கும் மீட்டர், 500 வோல்ட் மெக்கர் வேண்டும். எலிமென்ட்டின் இரு முனைகளிலிருந்தும் கம்பியைக் கழற்றிவிட்டு, முனைக்கும் குழாய்க்கும் நடுவே அளவெடுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் நான் சந்தேகப்படுவேன். அந்த எலிமென்ட்டை வெளியே எடுத்து, வேறொரு நல்ல ஓவனில் 110, 120 டிகிரியில் சில மணி நேரம் காயவைத்து மறுபடி அளவெடுங்கள். ஏறினால் மாட்டலாம். ஏறாவிட்டால் புதிது.

இதற்கு இவ்வளவு கதை எதற்கு அண்ணே? நானும் இதே தொழில்தான். எர்த் வயரைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டினால் ஈரம் தானாகக் காயும். ட்ரிப்பும் ஆகாது.

ஈரம் காயும் என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ட்ரிப் ஆகாது என்பதும் உண்மை. ஏன் ஆகாது என்று யோசித்தீர்களா தம்பி? கசிவு நின்றதால் இல்லை, அது போக வழி இல்லாததால். அந்த ஒரு மணி நேரமும் ஓவனின் உடல் முழுக்க மின்சாரம் காத்துக்கொண்டு நிற்கும். யாராவது கதவைத் தொட்டால் அவர்தான் வழி.

ஆர்சிசிபி இருக்கிறதே. தொட்டால் அது துண்டித்துவிடுமே?

துண்டிக்கும். எப்போது? தொட்டவர் உடம்பு வழியாக மின்சாரம் பாய்ந்த பிறகு. எர்த் இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே துண்டித்திருக்கும். எர்த் கம்பி செய்ய வேண்டிய வேலையை வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தையைச் செய்யச் சொல்கிறீர்கள். இன்னொன்று, அந்த ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அந்த வீட்டில் யாராவது கடைசியாக எப்போது அழுத்தினார்கள்?

நானும் பத்து வருடமாக இப்படித்தான் செய்கிறேன். ஒன்றும் ஆனதில்லை.

நல்லவேளை. அந்த வயரை எல்லா வீட்டிலும் திரும்ப மாட்டினீர்களா என்பதுதான் எனக்குக் கவலை. மறந்துவிட்டுப் போனவர்களின் ஓவன்கள் என்னிடம் வந்திருக்கின்றன.

சண்டைக்கு நடுவே ஒரு சந்தேகம். என் ஓவனைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது. எர்த் வயர் மாட்டித்தான் இருக்கிறது.

மாட்டியிருப்பது வேறு, எர்த் வருவது வேறு. பிளக்கின் எர்த் பின்னுக்கும் ஓவனின் பெயின்ட் இல்லாத உலோகத்துக்கும் நடுவே மீட்டர் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். அது சரி என்றால் கோளாறு சுவர் சாக்கெட்டில். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதுவரை ஓவனைத் தொடவே வேண்டாம்.

எனக்கும் ட்ரிப் ஆகிறது, என்ன செய்ய?

மேலே பாருங்கள்.

ஓவன் சூடாகவில்லை.

எந்த ஓவன், விளக்கு எரிகிறதா, எந்தப் பக்கம், எப்போதிலிருந்து? இப்படிக் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

உள்விளக்கு போய்விட்டது. வீட்டில் இருக்கும் எல்இடி போடலாமா?

கூடாது, அதன் உள்ளிருக்கும் எலக்ட்ரானிக்ஸ் வெந்துபோகும். 300 டிகிரி தாங்கும் ஓவன் பல்பு என்றே கேட்டு வாங்குங்கள்.

தெர்மல் ஃபியூஸ் போய்விட்டது. ஒரு கம்பியால் இணைத்துவிடலாமா?

எர்த்தைக் கழற்றச் சொன்னவரின் உறவினரா நீங்கள்? அளவுமீறிச் சூடானால் துண்டிக்கும் ஃபியூஸ் அது. ஏன் போனது என்று பாருங்கள். குளிர்விக்கும் விசிறி நின்றிருக்கும், இல்லையென்றால் ஓவனைச் சுவரோடு ஒட்டி வைத்துக் காற்றுவழியை அடைத்திருப்பீர்கள்.

ஆறு மாத ஓவன்காரன்தான் சார். கீழ் எலிமென்ட்டைக் கழற்றிவிட்டேன். வளைவில் முடி மாதிரி ஒரு கீறல் தெரிகிறது.

அப்படியானால் காயவைத்துப் பயனில்லை, ஈரம் அந்த வழியாக மறுபடி ஏறும். பழையதைக் கையோடு கொண்டுபோய் அதே நீளம், அதே வோல்ட், அதே வாட் பார்த்து வாங்குங்கள். மாட்டியதும் எர்த் வயர் திரும்ப அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடியை மூடுங்கள்.