லண்டன் – நியூயார்க்: போக எட்டு மணி நேரம், திரும்பி வர ஏழு

கேள்வி: லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு வான்வழித் தூரம் சுமார் 5,550 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் ஆறேகால் மணி நேரத்தில் போய்விட வேண்டும். ஆனால் டிக்கெட்டில் எட்டு மணி நேரம் போட்டிருக்கிறது, திரும்பி வர மட்டும் ஏழு. நியூயார்க்கில் இறங்கி வேறு விமானம் பிடிக்க வேண்டும். எதை நம்புவது?

பதில்: டிக்கெட்டையே நம்புங்கள். 5,550 என்பது பூமி உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கிற மிகக் குறைந்த தூரம். விமானம் அந்தக் கோட்டிலேயே போவதில்லை. அன்றன்றைய காற்றைப் பார்த்துத்தான் அட்லாண்டிக்கைக் கடக்கும் பாதையை முடிவு செய்கிறார்கள்.

போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்று ஆவதற்கும் காற்றுதான் காரணம். ஒன்பது முதல் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகக் காற்று ஓடுகிறது. விமானத்தின் 900 கி.மீ. வேகம் சுற்றியுள்ள காற்றை வைத்துச் சொல்வது. 100 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால் தரையைப் பொறுத்தவரை 800தான், தூரத்தைக் கடக்க ஏறக்குறைய ஏழு மணி நேரம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 1,000, ஐந்தரை மணி நேரம்தான். பிப்ரவரி 2020இல் புயலோடு வந்த பலமான காற்றில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது! குளிர்காலத்தில் இந்தக் காற்றுக்கு வேகம் அதிகம், அதனால் மேற்கே போகிறவர்களுக்குத் தாமதமும் அப்போதுதான் அதிகம்.

அப்புறம், டிக்கெட் நேரம் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. கிளம்பும் இடத்திலிருந்து விமானம் நகர்வதில் தொடங்கி, ரன்வேக்குப் போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கியபின் ஊர்ந்து வந்து நிற்பது எல்லாம் அதில் அடங்கும்.

டிக்கெட்டில் இருப்பவை உள்ளூர் நேரங்கள். இரண்டு ஊருக்கும் வழக்கமாக ஐந்து மணி நேர வித்தியாசம், ஆனால் கோடை நேரத்துக்கு (கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பது) மாறுவதும் பிறகு பழைய நேரத்துக்குத் திரும்புவதும் இரு நாடுகளிலும் வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்பதால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் நான்குதான். நீங்களே கழித்துப் பார்க்கும்போது ஒரு மணி நேரம் இடிப்பது இதனால்தான்.

சரி, விமானம் மாறுவதற்கு வருவோம். அமெரிக்காவில் பொதுவாக முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனையை முடித்து, பெட்டியை எடுத்து, திரும்பவும் ஒப்படைக்க வேண்டும். மூன்று மணி நேரமாவது இடைவெளி வையுங்கள், இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் இன்னும் கூடுதலாக, ஏனென்றால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. முக்கியமாக, அடுத்த விமானம் எந்த விமான நிலையத்திலிருந்து என்று பாருங்கள்: கென்னடி விமான நிலையத்தில் இறங்கி நுவார்க் விமான நிலையத்தில் ஏற வேண்டியிருந்தால், நடுவில் நியூயார்க் போக்குவரத்தைக் கடந்தாக வேண்டும்.