கால்பந்து கோல்கீப்பர் மகனைப் பற்றிக் கவலைப்படும் அப்பாவுக்கு

சார், மகன் 20 வயதுக்குள் மூன்று கிளப் மாறிவிட்டான், பாதி ஆட்டம் பெஞ்சிலேயே போகிறது, இவன் எங்கேயும் நிலைக்க மாட்டானா என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயம்தான். ஆனால் கிளப் மாறுவதைத் தோல்விக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஸ்ட்ரைக்கர் என்றால் கடைசி 20 நிமிடமாவது இறக்கிப் பார்ப்பார்கள். கோல்கீப்பரை அப்படி மாற்ற மாட்டார்கள். மூன்று பேர் அணியில் இருந்தாலும் நிற்பது ஒருவர்தான், அவருக்குக் காயமோ ரெட் கார்டோ வந்தால்தான் அடுத்தவருக்கு வழி. அதனால் ஆட இடம் தேடி ஊர் ஊராகப் போவது இந்தத் தொழிலில் சகஜம்.

மார்ட்டின் மார்கெட்சனைப் பாருங்கள். வேல்ஸ்காரர். மான்செஸ்டர் சிட்டியில் பல வருடம் இருந்தும் பெரும்பாலும் மாற்று கோல்கீப்பர்தான், அப்புறம் சவுத்எண்ட், ஹடர்ஸ்ஃபீல்ட், கார்டிஃப் என்று போனார். நாட்டுக்காக ஆடியது ஒரே ஒரு ஆட்டம். அதே மனிதர்தான் 2024 யூரோ கோப்பையில் இங்கிலாந்து அணியின் கோல்கீப்பிங் கோச். அந்தத் தொடரின் காலிறுதியில் சுவிட்சர்லாந்துடன் பெனால்டி ஷூட் அவுட் வந்தபோது இங்கிலாந்து கோல்கீப்பர் பிக்ஃபோர்டின் தண்ணீர் பாட்டிலில், யார் உதைத்தால் எந்தப் பக்கம் பாய வேண்டும் என்று ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. சுவிஸ் வீரர் அகாஞ்சி பெயருக்கு நேரே இடது பக்கம் என்று இருந்தது, பாய்ந்தார், தடுத்தார். அப்படி ஒரு பட்டியல் தயாராக, எதிரணி வீரர்களின் பழைய பெனால்டிகளை யாராவது உட்கார்ந்து மறுபடி மறுபடி பார்த்திருக்க வேண்டும். பெஞ்சில் இருக்கும் உங்கள் மகன் இன்றைக்கே பழகிக்கொள்ளக்கூடிய வேலை அது. கார்னரில் எதிரணி எங்கே கூடுகிறது, ஸ்ட்ரைக்கர் உதைக்கும் முன் ஊன்றும் கால் எந்தப் பக்கம் திரும்புகிறது, இதையெல்லாம் ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது கோச்சிங் லைசென்ஸ். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள், ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று 35 வயது வரை தள்ளிப்போட்டு, கையில் சம்பளமும் இல்லாமல் சான்றிதழும் இல்லாமல் நிற்கிறார்கள். ஐரோப்பாவில் சி, பி, ஏ, ப்ரோ என்று படிப்படியாகப் போகும், கோல்கீப்பிங்குக்கு பி, ஏ என்று தனி லைசென்சும் உண்டு. ஆசியாவிலும் இதே மாதிரி படிநிலைகள், கோல்கீப்பிங்குக்குத் தனிப் படிப்பு உட்பட, இருக்கின்றன. ஆடிக்கொண்டிருக்கும்போதே, வயதுத் தகுதி வந்த உடனே, முதல் படியை முடித்துவிட வேண்டும்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: இந்த வேலைகள் குறைவு. பெரும்பாலான அணிகளில் கோல்கீப்பிங் கோச் ஒருவர்தான், தலைமைக் கோச் போனால் அவரையும் சேர்த்து அனுப்புவதும் நடக்கும். அதனால் கோல்கீப்பிங் லைசென்சோடு நிறுத்தாமல் பொதுக் கோச்சிங் படிப்பையும் எடுக்கட்டும். போர்ச்சுகலின் போர்ட்டோ கிளப்பில் மாற்று கோல்கீப்பராக இருந்த நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோ முதலில் கோல்கீப்பிங் கோச், பிறகுதான் தலைமைக் கோச். ரியல் மாட்ரிட், பார்சிலோனா இரண்டிலும் பெஞ்சில் இருந்த கோல்கீப்பர் லோபெடெகி ஸ்பெயின் தேசிய அணிக்கே கோச் ஆனார்.

இங்கிலாந்து கோல்கீப்பர் ஜான் பரிட்ஜையும் தெரிந்துகொள்ளுங்கள். கிட்டத்தட்ட 30 வருடம், 20க்கும் மேற்பட்ட கிளப்புகள், 1995இல் 43 வயதில் மான்செஸ்டர் சிட்டிக்காக, இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கில் ஆட்டம். ஆட்டம் நின்றதும் மன அழுத்தத்தில் விழுந்து மருத்துவமனை வரை போனார். பிறகு ஓமானில் கோச்சாக இருந்து அந்நாட்டு கோல்கீப்பர் அலி அல் ஹப்ஸியை வளர்த்தார், அவர் பிரீமியர் லீக் வரை போனார். பரிட்ஜுக்கு நேர்ந்த அந்த வெறுமை உங்கள் மகனுக்கு வராமலிருக்க, அடுத்த வேலைக்கான அடித்தளம் இப்போதே இருக்க வேண்டும். படிப்பையும் விடவேண்டாம், தபாலில் படித்தாலும் பட்டம் பட்டம்தான்.

அடுத்த ஒப்பந்தம் பேசும்போது சம்பளத்தோடு இன்னும் இரண்டு கேளுங்கள்: கோச்சிங் படிப்புக்கு கிளப் நேரம் கொடுக்குமா, வாரத்தில் ஒரு நாள் ஜூனியர் கோல்கீப்பர்களுக்கு இவன் பயிற்சி கொடுக்கலாமா. இரண்டுக்கும் சரி என்று சொல்லும் கிளப் சிறியதாக இருந்தாலும், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும், நான் அதற்குத்தான் அனுப்பச் சொல்வேன்.