தமிழ் மட்டும் ஏன் உடைகிறது?

கேள்வி: அக்கா, நிரல் எழுதும் விஎஸ் கோடு எடிட்டருக்குள் இருந்தபடியே ஏஐ மாடலோடு பேச ஒரு பிளகின் (அதோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்) எழுதுகிறேன், ஜாவாஸ்கிரிப்ட்டில். ஆங்கிலத்தில் கேட்டால் பதில் அழகாக வருகிறது. தமிழில் கேட்டால் நடுநடுவே கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி விழுகிறது. மாடலுக்குத் தமிழ் தெரியவில்லையா? முன்பு கேட்டதையும் அது மறந்துவிடுகிறது.
- கல்லூரி மாணவி, குடியாத்தம்

பதில்: மாடல் மேல் பழி போடாதே தங்கச்சி. நானும் இதே இடத்தில் மூன்று நாள் மாட்டிக்கொண்டு தவித்தேன். காட்பாடி வீட்டில் உட்கார்ந்து, அம்மாவின் முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்புக் குறிப்பைத் தட்டி, எட்டுப் பேருக்கு அளவு மாற்றித் தரச் சொன்னேன். வந்த பதிலில் 'கத்தரி' என்ற சொல் நடுவில் ஓட்டையோடு நின்றது. எங்கள் வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கே இந்தக் கதி என்றால் விட்டுவிட முடியுமா?

மாடலின் பதில் ஸ்ட்ரீம் ஆகும்போது, அதாவது அது எழுத எழுதவே நமக்கு வந்து சேரும்போது, துண்டு துண்டாகத்தான் வருகிறது. துண்டு போடும் நெட்வொர்க்குக்கு எழுத்து தெரியாது, பைட் மட்டுமே தெரியும். எழுத்தைப் பைட்டாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழில் க, த மட்டுமல்ல, புள்ளிக்கும் கொம்புக்கும்கூடத் தலா 3 பைட். 'வேலூர்' என்று எழுதினால் எழுத்தும் கொம்பும் புள்ளியுமாக 6 குறியீடு, 18 பைட். துண்டு 7-ஆவது பைட்டில் முடிந்தால் 'ல' அரைகுறையாக நிற்கும். வந்த துண்டை அப்படியே டூஸ்ட்ரிங் (பைட்டை எழுத்தாக்கும் கட்டளை) செய்தால் அந்த அரை எழுத்துதான் கேள்விக்குறி ஆகிறது. ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது. நம் மொழியில் எழுதிப் பார்க்க நாம்தான் வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் பைட்டை எழுத்தாக்கும் டெக்ஸ்ட்டிகோடர் ஒன்றை ஒரே ஒருமுறை உருவாக்கி, எல்லாத் துண்டுகளையும் அதற்கே கொடு. டிகோட் செய்யும்போது ஸ்ட்ரீம் என்ற விருப்பத்தை ட்ரூ என்று வை. மிச்சப் பைட்டை அது அடுத்த துண்டு வரும்வரை பிடித்து வைத்திருக்கும். அப்புறம், பதில் பொதிந்து வரும் ஜேசன் என்ற தரவு வடிவமும் பாதியில் வெட்டுப்படும். அதனால் வரி வரியாகப் பிரித்து, முடியாத கடைசி வரியை அடுத்த துண்டின் முன்னால் ஒட்டிக்கொள். சரியாகிவிட்டதா என்று பார்க்க, ஒரு தமிழ்ப் பதிலைக் கோப்பில் சேமித்து, ஒவ்வொரு பைட்டாக உன் கோடுக்குள் ஊட்டிப் பார். அதில் தாக்குப்பிடித்தால் எதிலும் தாக்குப்பிடிக்கும்.

மறதிக்குக் காரணம் எளிது. நீ பயன்படுத்துவது போன்ற சாதாரண சாட் ஏபிஐ (பிளகின் மாடலோடு பேசும் வழி) எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு முறையும் உன் கேள்விகள், அதன் பதில்கள் எல்லாவற்றையும் வரிசையாகச் சேர்த்து நீதான் திரும்ப அனுப்ப வேண்டும். பேச்சு நீள நீளச் செலவும் ஏறும். தமிழுக்குப் பொதுவாக ஆங்கிலத்தைவிட டோக்கன் (செலவைக் கணக்கிட மாடல் எண்ணும் சொல்துண்டு) அதிகம் பிடிக்கும். அதனால் புது விஷயத்துக்குப் புதுப் பேச்சு தொடங்கும் பட்டன் ஒன்று வைத்துவிடு.

மாடலைப் பயன்படுத்த உனக்குத் தந்த ரகசியச் சாவியான ஏபிஐ கீயைக் கோடுக்குள் எழுதியிருந்தால் இன்றே எடுத்துவிடு. விஎஸ் கோடிலேயே சீக்ரெட் ஸ்டோரேஜ் இருக்கிறது, அதில் வை. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்கெனவே ஏற்றியிருந்தால், பழைய கீயை ரத்துசெய்து புதிது வாங்கிக்கொள்.