ஹோய் ஆனுக்கு ரயில் டிக்கெட் ஏன் வரவில்லை?

வியட்நாமில் ஹுவேயிலிருந்து ஹோய் ஆனுக்கு மனைவியோடு ரயிலில் போய் இரண்டு இரவு தங்கத் திட்டம், ஆனால் டிக்கெட் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஹோய் ஆனில் ரயில் நிலையமே கிடையாது. ஹுவேயிலிருந்து எத்தனை முறை தேடினாலும் "ரயில் இல்லை" என்றுதான் வரும். பக்கத்து நகரமான டா நாங் என்று போட்டுப் பாருங்கள். அங்கிருந்து ஹோய் ஆன் சுமார் 30 கிலோமீட்டர், டாக்ஸியில் முக்கால் மணி நேரம்.

டா நாங் போட்டும் வரவில்லையா? தேதியை ஒரு நாள் தள்ளிப் பாருங்கள். வந்துவிட்டால் நீங்கள் கேட்ட நாளில் இடம் தீர்ந்திருக்கலாம்.

பஸ்ஸைவிட ரயில்தான் என் ஓட்டு. இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும், ஆனால் ஹாய் வான் கணவாயில் மலை ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம் வரும். ஜன்னல் சீட்டை மனைவிக்குக் கொடுத்துவிடுங்கள், வம்பு வேண்டாம்!

இரண்டே இரவு என்பதால் இதையும் கவனியுங்கள்: சீனச் சந்திர நாட்காட்டியில் ஒவ்வொரு மாதமும் 14-ஆம் நாள், அதாவது பௌர்ணமியை ஒட்டி, பழைய நகரில் மின்விளக்கைக் குறைத்துத் தாள் விளக்குகளை ஏற்றுவார்கள். அழகுதான், கூட்டமும் நெரியும்.

ஒரு எச்சரிக்கை. அக்டோபர், நவம்பரில் து போன் ஆறு பெருகிப் பழைய நகரத் தெருக்களில் தண்ணீர் புகுவது வழக்கம். அந்த மாதங்களில் போவதாக இருந்தால், ரத்து செய்யக்கூடிய அறையாக, மாடியில் எடுங்கள்.